எலும்பை எடுப்பதா, வைப்பதா: தலைக்காய அறுவையில் இருபது ஆண்டு ஆராய்ச்சி



மூளை, தண்டுவட அறுவையில் அண்மைக்கால ஆராய்ச்சி என்று இந்தச் சொற்பொழிவின் அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். அது கடல். அதில் ஒரேயொரு அறுவையை மட்டும் எடுத்துக்கொள்ள உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். தலையில் பலத்த அடிபட்டு மூளை வீங்கிப்போனவருக்கு, மண்டையோட்டின் ஒரு பக்கத்தில் உள்ளங்கையைவிடப் பெரிய எலும்புத் துண்டை அறுத்து எடுத்துவிட்டு, அதைத் திரும்ப வைக்காமல் தோலை மட்டும் தைத்து மூடும் அறுவை. வார்டில் இதை டீகம்ப்ரஸ்ஸிவ் கிரேனியெக்டமி என்போம். நோயாளியின் வீட்டார் "எலும்ப எடுத்து வச்சிருக்காங்க" என்பார்கள். இரண்டும் சரியான பெயர்கள்தான்.

இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நம் சாலைகள். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். நாடு முழுவதும் இறந்தோரில் 100-க்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இந்தக் கணக்கில் பிழைத்தவர்கள் வரமாட்டார்கள். தலைக்காயத்தோடு பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள், இப்போது எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதற்கு எந்த அறிக்கையிலும் பத்தி இல்லை. இன்றைய பேச்சு அவர்களைப் பற்றியது.

முதலில் உடற்கூறு. மண்டையோடு பெரியவர்களுக்கு மூடிய பாத்திரம். உள்ளே மூளை, ரத்தம், மூளைத்தண்டுவட நீர் என மூன்றும் இருக்கின்றன. ஒன்றின் பருமன் கூடினால் மற்ற இரண்டில் ஏதாவது ஒன்று குறைந்தாக வேண்டும். ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் மன்றோ 1783-லும் ஜார்ஜ் கெல்லி 1824-லும் எழுதிவைத்த இந்த விதியை இன்றும் எந்த மருத்துவக் கல்லூரி மாணவரும் படிக்காமல் தேற முடியாது. அடிபட்ட மூளை வீங்கும்போது, முதலில் நீர் வெளியேறி இடம் கொடுக்கும், பிறகு சிரை ரத்தம் வெளியேறும். அதற்குப் பிறகு இடமில்லை. உள்ளழுத்தம் கிடுகிடுவென ஏறும். அழுத்தம் ஏறினால் மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். ரத்தம் குறைந்தால் வீக்கம் இன்னும் கூடும். கடைசியில் மூளை தன் அடியிலுள்ள துவாரம் வழியாகக் கீழ்நோக்கிப் பிதுங்கி, மூச்சையும் இதயத்தையும் நடத்தும் பகுதியை நசுக்கும். கண்மணி விரிந்துவிட்டது, வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை என்று நள்ளிரவில் ஐசியூ செவிலியர் கூப்பிட்டுச் சொன்னால் அதன் பொருள் இதுதான்.

அப்படியானால் பாத்திரத்தைத் திறந்துவிட்டால் என்ன? 1901-லேயே சுவிட்சர்லாந்தின் தியோடர் கோச்சர் இதைச் சொன்னார். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் ஹார்வி குஷிங் செய்து காட்டினார். யோசனை அவ்வளவு எளிமையானது, அவ்வளவு நியாயமானது. எலும்பை எடுத்தால் அழுத்தம் இறங்கும் என்பதில் யாருக்கும் எப்போதும் ஐயம் இருந்ததில்லை. அழுத்தம் இறங்கினால் நோயாளி நலமாவார் என்பது அதிலிருந்து தானாக வந்துவிடுகிறதா என்பதே கேள்வி. நூறு ஆண்டுகள் அந்தக் கேள்வியை யாரும் முறையாகக் கேட்கவில்லை.

கேட்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தலைக்காய மருத்துவத்திலேயே ஒரு பெரிய பாடம் உண்டு. அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். மூளை வீக்கத்துக்கு ஸ்டீராய்டு ஊசி போடும் வழக்கம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகெங்கும் இருந்தது. மூளைக் கட்டியைச் சுற்றியுள்ள வீக்கத்தை ஸ்டீராய்டு கண்முன்னே வற்றச் செய்கிறது. அடிபட்ட வீக்கத்தையும் வற்றச் செய்யும் என்று நம்பினோம். லண்டனிலிருந்து நடத்தப்பட்ட கிராஷ் என்ற ஆய்வு இதைச் சோதித்தது. 49 நாடுகள், 239 மருத்துவமனைகள், 10,008 நோயாளிகள். இந்திய மருத்துவமனைகளும் அதில் இருந்தன. பாதிப் பேருக்கு 48 மணி நேரம் ஸ்டீராய்டு, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று நீர். யாருக்கு எது என்பது குலுக்கல். இரண்டு வாரத்தில் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 விழுக்காட்டினர் இறந்தார்கள். வெற்று நீர் பெற்றவர்களில் 17.9 விழுக்காட்டினர் இறந்தார்கள். இருபதாயிரம் பேரைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்த ஆய்வை 2004 மே மாதத்தில் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

100 பேருக்குக் கொடுத்தால் மூன்று பேர் கூடுதலாக இறக்கிறார்கள். ஒரு தனி மருத்துவரால் தன் வாழ்நாள் முழுவதும் கவனித்தாலும் இந்த மூன்று பேரைப் பார்த்திருக்க முடியாது. தலைக்காயத்தில் இறப்பவர்கள் ஏராளம். அதில் மூன்று பேர் எதனால் போனார்கள் என்பது வார்டு ரவுண்ட்ஸில் தெரியாது. நல்ல மருத்துவர்கள், அக்கறையுள்ள மருத்துவர்கள், நன்மை என்று நம்பிக் கொடுத்தார்கள். குலுக்கல் முறை ஆய்வு இல்லாவிட்டால் இன்றும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். "நோயாளியைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதா?" என்று பொதுமக்கள் முகம் சுளிப்பது எனக்குப் புரிகிறது. எது நல்லது என்று உண்மையிலேயே தெரியாதபோது, தெரிந்ததுபோல் நடந்துகொள்வதைவிடக் குலுக்கல் நேர்மையானது என்பது என் உறுதியான கருத்து.

இனி எலும்புக்கு வருவோம்.

2011-இல் டெக்ரா ஆய்வின் முடிவு வெளியானது. பெரும்பாலும் ஆஸ்திரேலிய மருத்துவமனைகள், 155 நோயாளிகள். உள்ளழுத்தம் 20 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டிக் கால் மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் நின்றால், ஒரு குழுவுக்கு உடனே நெற்றிப்பக்க எலும்பை இருபுறமும் எடுத்தார்கள். மற்றக் குழுவுக்கு மருந்து, வென்டிலேட்டர், தீவிர சிகிச்சை. எதிர்பார்த்தபடியே எலும்பு எடுத்தவர்களின் அழுத்தம் நன்றாக இறங்கியது. ஐசியூவில் இருந்த நாள்களும் குறைந்தன. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், மோசமான நிலையில் இருந்தவர்கள் அறுவைக் குழுவில் 70 விழுக்காடு, மருந்துக் குழுவில் 51 விழுக்காடு. இறந்தவர்கள் எண்ணிக்கை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

துறையே அதிர்ந்தது. மானிட்டரில் எண் இறங்குகிறது, மனிதர் தேறவில்லை. பலர் ஆய்வின் குறைகளைத் தேடினார்கள், குறைகளும் இருந்தன. அறுவைக் குழுவில் இரண்டு கண்மணிகளும் வேலை செய்யாமல் வந்தவர்கள் 27 விழுக்காடு. மற்றதில் 12 விழுக்காடு. அதாவது குலுக்கலிலேயே அறுவைக் குழுவுக்கு மோசமான நோயாளிகள் கூடுதலாக விழுந்துவிட்டார்கள். அதைக் கணக்கில் எடுத்துத் திருத்தினால் இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு உறுதியாக நிற்கவில்லை. தவிர, 20 என்ற அளவும் கால் மணி நேரமும் அவசரம் என்று பலர் வாதிட்டார்கள். அந்த வாதத்தில் எனக்கு உடன்பாடு உண்டு. இருந்தாலும், அழுத்தம் லேசாக ஏறிய உடனேயே எலும்பை எடுப்பதால் நன்மை இல்லை என்ற அளவில் டெக்ரா சொன்னது இன்றும் செல்லும்.

அப்போதே இன்னோர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பீட்டர் ஹட்சின்சன் தலைமையில் 2004-இல் தொடங்கிய ரெஸ்க்யூ ஐசிபி. 20 நாடுகளில் 52 மையங்கள், பத்தாண்டு உழைப்பு, 408 நோயாளிகள். 10 வயது முதல் 65 வயது வரை உள்ளவர்களை மட்டும் சேர்த்தார்கள். கேள்வி டெக்ராவிலிருந்து வேறுபட்டது. தூக்கமருந்து, வென்டிலேட்டர், மானிட்டால் போன்ற எல்லாவற்றையும் செய்து பார்த்த பிறகும் அழுத்தம் 25-ஐத் தாண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் நிற்கும் நோயாளிக்கு, கடைசி வழியாக எலும்பை எடுத்தால் என்ன ஆகும்? 2016-இல் முடிவு வந்தது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். என் கருத்தில் தலைக்காய அறுவையில் இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான அட்டவணை அதுதான்.

ஆறு மாதத்தில் மருந்துக் குழுவில் 48.9 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். அறுவைக் குழுவில் 26.9 விழுக்காட்டினர். 100 பேருக்கு 22 உயிர்கள் கூடுதல். எந்த மருந்தும், எந்தக் கருவியும் இந்தத் துறையில் இத்தனை பெரிய வேறுபாட்டைக் காட்டியதில்லை. இந்த இடத்தோடு நிறுத்தினால் கைதட்டலாம்.

அந்த 22 பேர் எப்படி இருக்கிறார்கள் என்பதையும் ஆய்வு கணக்கெடுத்தது. அவர்களில் ஆறு பேர் கண் திறக்கிறார்கள், மூச்சு விடுகிறார்கள், ஆனால் தன்னையும் தெரியாது, பக்கத்தில் நிற்கும் தாயையும் தெரியாது. எட்டுப் பேருக்கு நினைவு இருக்கிறது. ஆனால் உண்ண, உடுக்க, கழிப்பறை போக எந்நேரமும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். மீதி எட்டுப் பேர் வீட்டில் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் அளவுக்கோ, அதற்கு மேலோ தேறியவர்கள். ஏறக்குறைய மூன்றில் ஒன்று, மூன்றில் ஒன்று, மூன்றில் ஒன்று. முழுநலம் பெற்றவர்கள் என்ற கட்டத்தில் அறுவைக் குழுவில் 4 விழுக்காடு, மருந்துக் குழுவில் 6.9 விழுக்காடு.

இந்த அளவீட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. ஒருவர் எவ்வளவு மயக்கத்தில் இருக்கிறார் என்று அளக்க 1974-இல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னட்டும் ஓர் அளவுகோலைத் தந்தார்கள். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து 108 ஆம்புலன்ஸ் வரை அதைத்தான் ஜிசிஎஸ் என்று சொல்கிறோம். அடுத்த ஆண்டே ஜென்னட்டும் மைக்கேல் பாண்டும் இரண்டாவது அளவுகோலைத் தந்தார்கள். பிழைத்தவர் என்ன நிலையில் பிழைத்தார் என்று அளப்பது அது. முதல் அளவுகோல் ஊரெல்லாம் பரவிவிட்டது. இரண்டாவது ஆராய்ச்சிக் கட்டுரைகளோடு நின்றுவிட்டது. நம் டிஸ்சார்ஜ் சீட்டில் நோயாளி வந்தபோது ஜிசிஎஸ் எவ்வளவு, போகும்போது எவ்வளவு என்று எழுதுகிறோம். ஓராண்டு கழித்து அவர் கடைக்குப் போகிறாரா, சம்பளம் வாங்குகிறாரா, மனைவியின் பெயரைச் சொல்கிறாரா என்று எழுத அந்தச் சீட்டில் இடமில்லை.

ரெஸ்க்யூ ஐசிபியில் ஓராண்டு முடிவையும் பார்க்க வேண்டும். குறைந்தபட்சம் வீட்டுக்குள் தானாக இயங்கும் நிலையை எட்டியவர்கள் ஆறாம் மாதத்தில் அறுவைக் குழுவில் 42.8, மருந்துக் குழுவில் 34.6 விழுக்காடு, இந்த வேறுபாட்டைத் தற்செயல் என்றுகூடச் சொல்லலாம். பன்னிரண்டாம் மாதத்தில் 45.4-க்கு 32.4. இதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. மூளை மெதுவாகத் தேறுகிறது. ஆறாம் மாதத்தில் ஒருவரைப் பார்த்து "இனி இவ்வளவுதான்" என்று சொல்வது அவசரம். இரண்டாம் ஆண்டிலும் தேறியவர்கள் உண்டு என்று 2022-இல் வந்த தொடர் அறிக்கை காட்டியது. பிசியோதெரபிக்குப் போகலாமா, காசு செலவழித்துப் பயன் உண்டா என்று கேட்கும் குடும்பத்துக்கு இதைவிட உறுதியான பதில் கிடையாது.

இன்னொன்று. மருந்துக் குழுவில் குலுக்கலில் விழுந்தவர்களிலும் 37.2 விழுக்காட்டினருக்குக் கடைசியில் எலும்பை எடுத்தார்கள். கண்ணெதிரே ஒருவர் போய்க்கொண்டிருக்கும்போது, ஆய்வு விதியைக் காட்டிக் கைகட்டி நிற்க எந்த அறுவை மருத்துவராலும் முடியாது, முடியவும் கூடாது. அந்த மாற்றத்தால் இரண்டு குழுக்களுக்கும் இடையே உள்ள உண்மையான வேறுபாடு மங்கலாகத் தெரிந்திருக்கக்கூடும். அறுவை ஆராய்ச்சி மருந்து ஆராய்ச்சியைவிடக் கடினமாவது இப்படித்தான்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு தியேட்டர் வாசலில் நிற்பவர்களிடம் என்ன பேசுவது? நான் ஒரு பெரிய அரசு மருத்துவமனையின் தலைக்காயப் பிரிவில் பணியாற்றியவன். அங்கே கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "சார், புள்ள பொழச்சிக்குவானா?" நம் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். "ஆபரேஷன் பண்ணலன்னா உயிருக்கு ஆபத்தும்மா. 48 மணி நேரம் போனாத்தான் சொல்ல முடியும். இதுல ஒரு கையெழுத்து போடுங்க." இதில் பொய் ஏதும் இல்லை. ஆனாலும் அந்தத் தாய்க்கு இதிலிருந்து ஒரு படம்தான் கிடைக்கிறது: ஒன்று மகன் போய்விடுவான், இல்லையேல் பழைய மகன் எழுந்து வருவான். இரண்டுக்கும் இடையில் உள்ள நிலைகளை யாரும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து, மூக்கில் டியூபும் தொண்டையில் ட்ரக்கியாஸ்டமியுமாக மகன் வீட்டுக்குள் தூக்கி வரப்படும்போதுதான் தெரிகிறது.

சிலர் சொல்வார்கள்: அந்த நேரத்தில் இதையெல்லாம் சொன்னால் அவர்களுக்குப் புரியாது, பயந்துபோய் ஆபரேஷனே வேண்டாம் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நிலத்தை அடகு வைப்பதா, நகையை விற்பதா, எந்தப் பிள்ளையின் படிப்பை நிறுத்துவது என்று கடினமான முடிவுகளை எடுத்துப் பழகியவர்கள் நம் மக்கள். "நூறு பேருக்குப் பண்ணா, பண்ணாததவிட இருபத்திரெண்டு பேர் கூடுதலா பொழைக்கிறாங்க. அதுல ஏழெட்டு பேர் எழுந்து நடமாடுறாங்க. ஏழெட்டு பேருக்கு எப்பவும் ஒரு ஆள் கூட இருக்கணும். மிச்ச ஆறு பேருக்கு நினைவே வராது. உங்க பையனுக்கு வயசு இருபத்திரெண்டு, ஒரு கண்மணி இன்னும் வேல செய்யுது, அதனால பண்ணலாம்னு நான் நினைக்கிறேன்." இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். இதைக் கேட்டுவிட்டு ஒரு குடும்பம் கையெழுத்திட்டால், அது அவர்கள் எடுத்த முடிவு. இதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றால், அதையும் நாம் மதிக்க வேண்டும். எழுபத்தைந்து வயதுப் பெரியவருக்கு இந்த எண்கள் பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆய்வில் அறுபத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் இல்லை.

அடுத்த ஆய்வு இன்னும் நமக்கு நெருக்கமானது. தலைக்காயத்தில் மூளைமேல் உறையடியில் ரத்தம் கட்டிக்கொள்ளும். அதை அவசரமாகத் திறந்து எடுக்க வேண்டும், அதில் விவாதமில்லை. ரத்தக்கட்டியை எடுத்த பிறகு எலும்பைத் திரும்ப வைத்து மூடுவதா, வெளியே எடுத்து வைப்பதா? வீக்கம் பிறகு வரும் என்ற அச்சத்தில் பலர் எலும்பை வெளியே எடுத்துவிடுவார்கள். ஒரே மருத்துவமனையில் திங்கள்கிழமை டியூட்டியில் இருப்பவர் வைப்பார், செவ்வாய்க்கிழமைக்காரர் எடுப்பார். அந்த அளவுக்கு இது அவரவர் பழக்கமாகவே இருந்தது.

2023-இல் ரெஸ்க்யூ ஏஎஸ்டிஎச் ஆய்வு விடை தந்தது. 11 நாடுகள், 40 மையங்கள், 450 நோயாளிகள். இந்தியாவும் பங்கேற்றது. அறுவை மேசையிலேயே, ரத்தக்கட்டியை எடுத்து முடித்த பிறகு, மூளை மிக வீங்கி எலும்பை வைக்கவே முடியாது என்றால் அவரைக் குலுக்கலில் சேர்க்கவில்லை. வைக்கவும் முடியும், எடுக்கவும் முடியும் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு மட்டும் குலுக்கல். ஓராண்டு முடிவில் இறந்தவர்கள் எலும்பு வைத்தவர்களில் 30.2 விழுக்காடு, எடுத்தவர்களில் 32.2 விழுக்காடு. வாழ்க்கைத் தரத்திலும் வேறுபாடில்லை. எலும்பு வைத்தவர்களில் 14.6 விழுக்காட்டினருக்கு இரண்டு வாரத்துக்குள் தலையில் மீண்டும் ஓர் அறுவை தேவைப்பட்டது, எடுத்தவர்களில் 6.9 விழுக்காட்டினருக்கு. மறுபக்கம், காயத்தில் சீழ் போன்ற தொல்லைகள் எலும்பு எடுத்தவர்களில் 12.2 விழுக்காடு, வைத்தவர்களில் 3.9.

லண்டனில் இருப்பவருக்கு இது சமமான தராசு. திருவண்ணாமலைப் பக்கத்துக் கூலித்தொழிலாளிக்குச் சமமில்லை. எலும்பை எடுத்தால் சில மாதம் கழித்து அதைத் திரும்ப வைக்க இன்னோர் ஆபரேஷன் கட்டாயம். அதுவரை தலையின் ஒரு பக்கம் குழி விழுந்து, தோலுக்கு அடியில் மூளை துடிப்பது தெரியும். வெளியே போகக் கூசுவார். கீழே விழுந்தால் ஆபத்து. வேலைக்கு யாரும் சேர்க்கமாட்டார்கள். மூளை அனுமதிக்கிற நோயாளிக்கு எலும்பை வைத்து மூடினால், ஒரு குடும்பம் இரண்டாவது ஆபரேஷனிலிருந்து தப்பிக்கிறது. நள்ளிரவிலும் ஸ்கேனும் தியேட்டரும் கிடைக்கும் மருத்துவமனையில், மறுபடி வீங்கினால் திறந்துகொள்ளலாம் என்ற துணிவோடு எலும்பை வைக்கலாம். அந்த வசதி இல்லாத இடத்தில் எடுப்பதே பாதுகாப்பு. ஒரே ஆய்வு முடிவு இரண்டு ஊரில் இரண்டு முடிவுக்குக் கொண்டுபோகும். இளம் மருத்துவர்கள் ஆய்வுச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு "வேறுபாடில்லை" என்று எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே இதை விரித்துச் சொல்கிறேன்.

எடுத்த எலும்பை எங்கே வைப்பது? வசதியுள்ள மையங்களில் மைனஸ் 70, 80 டிகிரிக் குளிர்பெட்டியில் வைப்பார்கள். நம் ஊரில் பெரும்பாலும் நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியில், கொழுப்பில் ஒரு பை செய்து அதில் வைத்துத் தைத்துவிடுவோம். மின்சாரம் போனால் கெடாது, வேறொருவர் எலும்போடு மாறிப்போகாது, நோயாளி எந்த ஊருக்குப் போனாலும் எலும்பும் கூடவே போகும். எளிய மருத்துவமனைகளுக்கு இது அருமையான வழி. ஆனால் வயிற்றில் வைத்த எலும்பு எத்தனை மாதத்தில் கரையத் தொடங்குகிறது, எப்போது திரும்ப வைத்தால் கிருமித்தொற்று குறைவு, குழந்தைகளுக்கு இது ஏற்றதா என்பவற்றுக்கெல்லாம் நல்ல குலுக்கல் ஆய்வு தேவை. அதைக் கேம்பிரிட்ஜில் செய்யமாட்டார்கள். அவர்களுக்கு இது கேள்வியே இல்லை. நமக்குத்தான் கேள்வி.

நம் கேள்வியை நாமே கேட்க முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. பொலிவியாவும் ஈக்வடாரும் பணக்கார நாடுகள் அல்ல. அங்கே 324 தலைக்காய நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2012-இல் வந்தது. மூளைக்குள் அழுத்தமானி செருகி, அந்த எண்ணைப் பார்த்துச் சிகிச்சை செய்வதும், அது இல்லாமல் ஸ்கேனையும் நோயாளியையும் மணிக்கு மணி பார்த்துச் சிகிச்சை செய்வதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. ஆறு மாத இறப்பு 39 விழுக்காடும் 41 விழுக்காடும். அழுத்தமானி வாங்க முடியாத மருத்துவமனைகள் இரண்டாந்தரச் சிகிச்சை தருவதாகக் குற்ற உணர்வில் இருந்தன. கூர்ந்து கவனிக்கும் செவிலியரும் காலத்தில் எடுக்கும் ஸ்கேனும் எவ்வளவு மதிப்புள்ளவை என்று அந்த ஆய்வு உலகுக்குச் சொன்னது. அழுத்தமானிக்கு உலகத்திலேயே பஞ்சமில்லாத ஊர்களில் இந்த ஆய்வைச் செய்திருக்க முடியாது.

நம் நாட்டிலேயே இன்னொன்று. மருந்துக்கு அடங்காத வலிப்பு நோயுள்ள குழந்தைகளுக்கு மூளை அறுவை பயன்தருமா என்பதை டெல்லி எய்ம்ஸ் சோதித்தது. 2017-இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வெளிவந்தது. அங்கே அறுவைக்குக் காத்திருப்போர் பட்டியல் மிக நீளம். அந்த அவலத்தையே ஆய்வின் அடித்தளமாக்கினார்கள். 116 குழந்தைகளில் குலுக்கலில் வந்த 57 பேருக்கு உடனே அறுவை. மற்றவர்கள் காத்திருப்புப் பட்டியலில் மருந்தோடு தொடர்ந்தார்கள், எப்படியும் காத்திருக்க வேண்டியவர்கள்தான். ஓராண்டில் வலிப்பே வராதவர்கள் அறுவைக் குழுவில் 77 விழுக்காடு, மருந்துக் குழுவில் 7 விழுக்காடு. இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு இரண்டு உணர்வும் ஒருசேர வந்தன. நம்மவர்கள் செய்தார்களே என்ற பெருமை. இவ்வளவு பலன் தரும் சிகிச்சைக்குக் குழந்தைகள் இத்தனை நாள் வரிசையில் நிற்கிறார்களே என்ற வேதனை.

வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியது 1949-இல். அடுத்த ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். முக்கால் நூற்றாண்டு அனுபவம் உள்ள மாநிலம் இது. நோயாளிகளுக்கும் குறைவில்லை, திறமைக்கும் குறைவில்லை. எழுதி வைக்கும் பழக்கமும் தொடர்ந்து விசாரிக்கும் ஏற்பாடும்தான் இல்லை.

எடுத்துக்கொண்ட அறுவையிலிருந்து சற்று விலகி, தலையில் அடிபட்ட முதியவர்களுக்கு வரும் நாள்பட்ட ரத்தக்கட்டி பற்றி ஒரு சொல். குளியலறையில் வழுக்கி லேசாக இடித்துக்கொண்டவர் ஒரு மாதம் கழித்து நடை தடுமாறி, பேச்சுக் குழறி வருவார். மண்டையில் துளை போட்டு ரத்தத்தை வடித்தால் அன்று மாலையே பேசுவார். துளை போட்டபின் ஒரு சிறு டிரெயின் டியூபை இரண்டு நாள் வைத்தால் போதும், மறுபடி ரத்தம் கட்டுவது 24 விழுக்காட்டிலிருந்து 9.3 விழுக்காடாகக் குறைகிறது, ஆறு மாத இறப்பு பாதியாகிறது என்று 2009-இல் கேம்பிரிட்ஜில் 215 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. சில நூறு ரூபாய் டியூப். அதே நோய்க்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020-இல் வந்தது. 748 பேர். மறு அறுவை குறைந்தது உண்மை. ஆனால் நல்ல நிலையில் இருந்தவர்கள் மாத்திரை பெற்றவர்களில் 83.9 விழுக்காடு, பெறாதவர்களில் 90.3 விழுக்காடு. இங்கும் ஸ்டீராய்டு தோற்றது. 2024-இல் தொடை வழியாகக் குழாய் செலுத்தி மூளையுறையின் ரத்தக்குழாயை அடைக்கும் முறை பற்றி மூன்று ஆய்வுகள் ஒன்றாக வந்தன. எம்போலைஸ் என்ற ஆய்வில் மறு அறுவை 11.3 விழுக்காட்டிலிருந்து 4.1 ஆகக் குறைந்தது. சீனாவில் 722 பேரிடம் நடந்த ஆய்வில் வேறுபாடு உறுதிப்படவில்லை. நம்பிக்கையூட்டும் முறைதான், ஆனால் விலை அதிகம். மாவட்ட மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் அந்த டிரெயின் டியூப் தவறாமல் வைக்கப்படுகிறதா என்று பார்த்துவிட்டு இதற்கு வரலாம் என்பேன்.

கடைசியாக, இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் பொறுப்பாளர்களிடம் நேரடியாக ஒரு வேண்டுகோள். 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தால், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. அது எத்தனை உயிர்களைக் காக்கிறது என்பதைக் கண்ணால் கண்டவன் நான். நாற்பத்தொன்பதாவது மணி நேரத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு என்ன நடக்கிறது என்பதைக் கணக்கெடுக்க இந்த அறக்கட்டளை உதவ வேண்டும். பெரிய செலவில்லை. பயிற்சி பெற்ற ஒரு செவிலியர், ஒரு செல்பேசி, ஒரு பதிவேடு. எலும்பு எடுத்த ஒவ்வொரு நோயாளியின் வீட்டுக்கும் ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் போன் செய்து, தமிழில் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. வீட்டில் தனியே விட முடிகிறதா? தானே சாப்பிடுகிறாரா? பஸ் ஏறிப் போய் வருகிறாரா? பழைய வேலைக்குப் போனாரா, வேறு வேலையா, வேலையே இல்லையா? எலும்பைத் திரும்ப வைத்தாயிற்றா, இன்னும் வயிற்றில்தான் இருக்கிறதா? அவரைப் பார்த்துக்கொள்வது யார், அவர் விட்டுவிட்ட வேலை என்ன? இந்தப் பதில்கள் மூன்றாண்டு சேர்ந்தால், தியேட்டர் வாசலில் நிற்கும் தாய்க்கு ஐரோப்பிய எண்களோடு நம் ஊர் எண்களையும் சேர்த்துச் சொல்ல முடியும். இன்றைய சொற்பொழிவுக்கு எனக்குத் தரவிருக்கும் மதிப்பூதியத்தை அந்தப் பதிவேட்டின் முதல் தொகையாக வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.